வேலைக்கும் காட்டுப்பாதைக்கும் ஒரே மின்சைக்கிள்: எடை குறைந்ததா, பலம் கூடியதா?

விழுப்புரத்தான்
எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மேற்கில் இருக்கிறேன், வேலை சிண்டல்ஃபிங்கனில். ஒரு வழிக்கு சுமார் 16 கிலோமீட்டர். வீட்டை விட்டுக் கிளம்பியதுமே காட்டு மேட்டுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் ஏற்றம், அப்புறம் ரோட்வில்ட்பார்க் காடு வழியாக அகலமான சரளைப் பாதை, கடைசியில் தார்ச்சாலை. காலையில்தான் ஏற்றம், மாலையில் பெரும்பாலும் இறக்கம். வார இறுதியில் ஷோன்புக் காட்டுக்கும் போக வேண்டும். என் எடை 84 கிலோ, முதுகில் லேப்டாப் பை. சைக்கிள் ஓட்டப் பிடிக்கும், ஆனால் வியர்வையில் நனைந்துகொண்டு காலை மீட்டிங்கில் உட்கார முடியாது.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. மாலே எக்ஸ்35 ஹப் மோட்டார் (பின்சக்கரத்துக்குள் இருப்பது) போட்ட அலுமினிய கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கும் ஏற்றது, ஸ்பெஷலைஸ்ட் கிரியோ 2, போஷ் எஸ்எக்ஸ் மோட்டார் போட்ட ஒரு கிராவல் சைக்கிள். மூன்றும் எடை குறைந்த வகை. எதை எடுக்கலாம்? வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கீழே எல்லோருக்கும் பொதுவான நிலவறை இருக்கிறது.

வடமராட்சியான்
தம்பி, மூன்றும் வேண்டாம். இந்த ஊர் ஒரு பெரிய கிண்ணம், எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். கீழே மரியன்பிளாட்ஸ் பக்கத்திலிருந்து மேலே டெகர்லோக்குக்கு 1884-லேயே பல்சக்கர ரயில் போட்டார்கள் என்றால் சும்மா இல்லை, இன்றைக்கும் அந்த ரயில் முன்னால் ஒரு தனிப் பெட்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டுதான் மேலே போகிறது. போஷ் சிஎக்ஸ் மோட்டார், 85 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), 600 வாட் அவருக்குக் குறையாத பேட்டரி, முன்னால் சஸ்பென்ஷன், மட்கார்டு, கேரியர், விளக்கு எல்லாம் பொருத்தி வருகிற வண்டியாக எடுங்கள். 24, 25 கிலோ வரும், வரட்டும். மேலே ஏற்றுவது மோட்டார், உங்கள் தொடை இல்லை. நான் வருடக்கணக்காக அப்படித்தான் ஓட்டுகிறேன், சட்டை நனையாமல் வேலைக்குப் போகிறேன்.

சைக்கிள்_செல்வி
அண்ணா, ஏற்றத்துக்கு நீங்கள் சொல்வது சரி. மற்ற 12 கிலோமீட்டருக்கு? இங்கே சட்டப்படி 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும். அந்தச் சரளைப் பாதையிலும் தார்ச்சாலையிலும் கொஞ்சம் பழகியவர் 27, 28-ல் போவார். அதாவது வழியில் பாதிக்கு மேல் மோட்டாரே வேலை செய்யாது, 25 கிலோ வண்டியைக் காலால் தள்ள வேண்டும். அதனால்தான் அந்த வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் 25-லேயே ஒட்டிக்கொண்டு போகிறார்கள். சைக்கிள் ஓட்டப் பிடிக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கும்போது அவருக்கு அதைச் சொல்லாதீர்கள்.

என்னுடையது டிகியூ மோட்டார். 50 நியூட்டன் மீட்டர், மோட்டார் எடை 1.85 கிலோ, பேட்டரி 360 வாட் அவர். 25-ஐத் தாண்டும் இடத்தில் உதவி நிற்பதே தெரியாது. சத்தமும் கிட்டத்தட்ட இல்லை, ஷோன்புக்கில் கோல்டர்ஸ்பாக் ஓடையோரம் போகும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

வடமராட்சியான்
தங்கச்சி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டிக்கும் என் வண்டிக்கும் வித்தியாசம் 9 கிலோ என்று வைப்போம். 9 கிலோவை 200 மீட்டர் மேலே தூக்க 5 வாட் அவர்கூட வேண்டாம். இழப்பையும் சேர்த்தால் ஆறோ ஏழோ. 600 வாட் அவர் பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது எடை கிட்டத்தட்டக் கணக்கிலேயே வராது, தடுப்பது காற்றும் டயரும்தான். அப்படியிருக்க 25 கிலோவைத் தள்ள வேண்டும் என்று பயம் காட்டுவது சரியில்லை.

சைக்கிள்_செல்வி
கணக்கு சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் காற்றும் டயரும்தான் தடுக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹேண்டில்பார், இரண்டேகால் அங்குலக் கட்டை டயர், சஸ்பென்ஷன் ஃபோர்க், இவை எல்லாம் அந்தப் பெரிய மோட்டாரோடு சேர்ந்தே வருகின்றன, ஏனென்றால் அந்த வண்டியை வடிவமைப்பவர் 25-க்கு மேல் யாரும் ஓட்டப் போவதில்லை என்று நினைத்துத்தான் வடிவமைக்கிறார். இலகு வண்டியில் டிராப் பார் (கீழே வளைந்த ஹேண்டில்பார்), 40 அல்லது 45 மில்லிமீட்டர் டயர். உடம்பு கொஞ்சம் குனியும். அதே உழைப்பில் 25-க்கு மேல் நிம்மதியாகப் போகலாம்.

அப்புறம் எடை என்பது ஏற்றத்துக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. புயல் அடித்த மறுநாள் காட்டில் மரம் விழுந்து கிடக்கும், வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். ஸ்டேஷன் லிஃப்ட் பழுதாக இருக்கும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு படிக்கட்டு. அங்கே மோட்டார் எதையும் தூக்காது, நாம்தான் தூக்குகிறோம்.

கொங்குநாடன்
இரண்டு பேரும் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நண்பர் முதலில் எழுதிய எக்ஸ்35 வண்டியையே எடுக்கலாம். மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 3.5 கிலோதான். மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருப்பதால் அதன் விசை செயின் வழியாகப் போவதில்லை, அதனால் செயினும் கேசட்டும் (பின்பல்சக்கரத் தொகுதி) சாதாரண சைக்கிள் மாதிரியே உழைக்கும். மிதியச்சில் இருக்கும் கிராங்க் மோட்டாரில் தேய்மானம் அதிகம், அதைக் கடைக்காரர் விற்கும்போது சொல்ல மாட்டார். மோட்டாரை அணைத்துவிட்டால் இழுவையே கிடையாது. பார்ப்பதற்கும் மின்சைக்கிள் என்றே தெரியாது, திருட்டுப் பயமும் குறைவு. மற்ற இரண்டுக்கும் கொடுக்கும் பணத்தில் பாதிதான் ஆகும். 40 நியூட்டன் மீட்டர் போதாது என்பவர்கள் கியரைக் குறைத்து மிதித்தால் போதும்.

பட்டறைக்காரன்
நான் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறேன், மூன்று வகையும் என் ஸ்டாண்டில் தொங்கியிருக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொங்குநாடன் சொன்ன கடைசி வரியில்தான் பிழை. ஹப் மோட்டாருக்குக் கியர் குறைப்பதால் எந்த லாபமும் இல்லை. அது சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது, சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். செங்குத்தான தெருவில் 8, 9 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டால் அது எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போகும், ரொம்பச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள உதவியைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது எந்த இடத்தில் உதவி வேண்டுமோ அந்த இடத்தில் குறையும். கிராங்க் மோட்டார் நம் காலைப் போலவே கியர் வழியாக வேலை செய்கிறது, மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மோட்டாருக்கும் சுமை குறைகிறது. இன்னொன்று, எக்ஸ்35-ல் மிதிவிசையை அளக்கும் சென்சார் கிடையாது, கால் சுற்றுகிறதா என்றுதான் பார்க்கும். அடுத்து வந்த எக்ஸ்20-ல் விசை சென்சார் இருக்கிறது, எடையும் குறைவு, ஆனால் அப்போது கொங்குநாடன் சொன்ன பாதி விலை பறந்துவிடும். சென்னையிலோ ஹாலந்திலோ இருந்தால் நானே ஹப் வாங்கச் சொல்வேன்.

பின்சக்கரத்தில் பஞ்சர் ஆனால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். மழையில், காட்டு நடுவில், செயின் ஸ்டேயில் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்) கட்டியிருக்கும் வயரை விடுவித்து, கனெக்டரைப் பிரித்து, அச்சைத் தளர்த்தி, மோட்டாரோடு கனமாக இருக்கும் சக்கரத்தை எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது கனெக்டரை வளைத்துப் பின்னைக் கெடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தவர்கள் உண்டு. டியூப்லெஸ் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வடமராட்சியான் அண்ணன் சொல்கிற சஸ்பென்ஷன் விஷயத்துக்கு ஒரு பதில். பாடன்-வூர்ட்டம்பெர்க் காட்டுச் சட்டப்படி 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது, அதற்கென்றே திறந்துவிட்ட தடங்களைத் தவிர. சட்டத்துக்கு உட்பட்டு நண்பர் ஓட்டப் போவது அகலமான வனத்துறைச் சாலைகளில், ரோட்வில்ட்பார்க்கும் ஷோன்புக்கும் அப்படித்தான். அங்கே 45 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் போதும், 84 கிலோவுக்கு இரண்டரை பார் அழுத்தத்தைச் சுற்றி ஆரம்பித்துப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க்கை வருடம் முழுவதும் சுமந்து, அதற்குச் சர்வீஸ் செலவும் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவும் பேசியாயிற்று, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்த நிலவறையில் பிளக் இருக்கிறதா?

விழுப்புரத்தான்
இல்லை. ஒரு பல்பு மட்டும், அதுவும் பொது மீட்டரில். நிலவறைக்கு இறங்கும் படியும் குறுகல், பாதியில் ஒரு திருப்பம்.

பட்டறைக்காரன்
அப்படியென்றால் பட்டியலே மாறுகிறது. எக்ஸ்35, கிரியோ 2 இரண்டிலும் பேட்டரி ஃபிரேமுக்குள்ளேயே இருக்கும், நீங்கள் கழற்ற முடியாது. சார்ஜ் போட முழு வண்டியும் மூன்று மாடி ஏற வேண்டும். எஸ்எக்ஸ் வண்டிகளில் 400 வாட் அவர் பேட்டரி நிலையாக வருவதும் உண்டு, கழற்றக்கூடியதாக வருவதும் உண்டு. அது வண்டி செய்தவர் முடிவு, மோட்டார் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடையில் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வடமராட்சியான்
இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன். என் வண்டி கீழே நிற்கிறது, பேட்டரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். குளிர்காலத்தில் பேட்டரி வீட்டுக்குள் இருப்பதும் நல்லது, உறைகுளிரில் விட்டால் காலையில் அதன் தெம்பு குறைந்திருக்கும். இலகு வண்டியை 14 கிலோ என்று விளம்பரம் செய்கிறார்கள், மட்கார்டு, விளக்கு, பூட்டு, பை எல்லாம் போட்டால் 17 ஆகிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பாருங்கள்.

கொங்குநாடன்
தினமும் எதற்குத் தூக்க வேண்டும்? அலுவலகத்தில் சார்ஜ் போடலாம். பல கம்பெனிகளில் சைக்கிள் நிறுத்தத்திலேயே பிளக் இருக்கிறது.

சைக்கிள்_செல்வி
அதற்கும் கணக்கு இருக்கிறது. வண்டி, பை, ஆள் எல்லாம் சேர்த்து 105 கிலோ. 200 மீட்டர் ஏற 57 வாட் அவர். அதில் பாதியை மோட்டார் போட்டால், இழப்பும் சேர்த்து 36 வரும். மீதி வழியில் குறைந்த உதவியில் கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு. ஆக காலைக்கு 70-லிருந்து 85 வாட் அவர், மாலைக்கு அதைவிடக் குறைவு. 400 வாட் அவர் பேட்டரி இரண்டு நாளைக்குத் தாராளமாக வரும், நடுவில் அலுவலகத்தில் ஒரு முறை போட்டால் வாரமே ஓடிவிடும். 600-ம் 800-ம் எடுத்து அதன் எடையையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்? ஷோன்புக்கில் நாள் முழுக்கச் சுற்றுகிற அன்றைக்கு மட்டும் கூடுதல் பேட்டரி மாட்டிக்கொள்ளலாம், போஷில் 250, டிகியூவில் 160.

ஆனால் நிலவறைப் படியில் திருப்பம் இருக்கிறது என்றாரே, அதைக் கவனியுங்கள். அங்கே 25 கிலோ வண்டியை பின்சக்கரத்தில் நிமிர்த்தித் தினமும் இரண்டு முறை திருப்ப வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் 20-க்கு மேல்தான்.

சிறுவாணி
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேள்வி. அங்கே ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் கொண்டுவர முடியுமா? இங்கே கடைகளில் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேற்பட்ட ஹப் மோட்டார் வண்டிகள்தான். மருதமலை அடிவாரத்துக்குப் போகவே அலுப்பாக இருக்கிறது.

பட்டறைக்காரன்
வண்டி வரும், பேட்டரி வராது. பயணிகள் விமானத்தில் 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை, நாம் பேசும் எல்லா முதன்மை பேட்டரியும் அதற்கு மேல். சரக்காக அனுப்பத் தனி விதிகள் உண்டு. இந்தியச் சட்டத்தில் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டது என்றால் பதிவு வேண்டாம், அது பிரச்சினை இல்லை. போஷ் மோட்டாரில் கோளாறு வந்தால் டீலரின் மென்பொருள் இல்லாமல் உள்ளே பார்க்க முடியாது, அதுதான் பிரச்சினை.

விழுப்புரத்தான்
45 கிலோமீட்டர் வேகம் வரை மோட்டார் உதவும் வகையை யாரும் சொல்லவில்லையே?

வடமராட்சியான்
வேண்டாம் தம்பி. அதற்கு இன்சூரன்ஸ் தகடு, உரிமம், ஹெல்மெட் எல்லாம் வேண்டும், சைக்கிள் பாதையிலும் பொதுவாக விடமாட்டார்கள், காட்டுப் பாதை உங்களுக்கு அடைந்துவிடும். பிறகு கார்கள் போகும் சாலையில்தான் போக வேண்டும்.

விழுப்புரத்தான்
அப்படியானால் கழற்றும் பேட்டரியோடு வரும் எஸ்எக்ஸ் கிராவல், இல்லையென்றால் கழற்ற முடிகிற டிகியூ வண்டி. 45 மில்லிமீட்டர் டயர், மட்கார்டு போட இடம். கம்பெனி மூலம் எடுக்கும் லீசிங் 36 மாதம், நடுவில் வேலை மாறினால் என்ன ஆகும் என்றும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுகிறேன். இரண்டையும் சனிக்கிழமை ஹாசன்பெர்க்ஸ்டைகே மேட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

பட்டறைக்காரன்
ஓட்டும்போது உங்கள் மிதி வேகத்தைப் பாருங்கள். எஸ்எக்ஸ் அதன் முழு பலத்தையும் கால் வேகமாகச் சுற்றும்போதுதான் தரும், நிமிடத்துக்கு 80, 90 சுற்று. மெதுவாக அழுத்தி மிதிக்கிற பழக்கம் இருந்தால் 55 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தும் சோர்வாகத் தோன்றும். அதனால் பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், முன்னால் 40 பல் என்றால் பின்னால் 46 பல்லுக்குக் குறையக் கூடாது. மொத்த எடை வரம்பையும் கேளுங்கள், பல மாடல்களில் வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 120 கிலோ.

வடமராட்சியான்
நல்லது. லேப்டாப் பையையும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், வெறும் முதுகோடு ஓட்டினால் எல்லா வண்டியும் பறக்கும். அதே மேட்டில் ஒரு சிஎக்ஸ் வண்டியையும் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் இன்னும் என் பக்கம்தான்.

சைக்கிள்_செல்வி
ஏற்றிப் பார்க்கட்டும் அண்ணா. ஆனால் மேட்டோடு நிறுத்தாமல் மேலே காட்டுப் பாதையில் நாலைந்து கிலோமீட்டர் 27-ல் ஓட்டிவிட்டு, திரும்பி வந்து மூன்று வண்டியையும் கடை வாசல் படியில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும்.