புதுப்பிப்பு: எங்கள் பள்ளிக்கு வந்த புது டீச்சர்

ஜூனில் கேட்டிருந்தேன்: எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த இடைநிலை ஆசிரியை, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திணறுகிறார், நான் என்ன செய்யலாம் என்று. பாடக்குறிப்பை எழுதிக் கொடுங்கள் என்றார்கள் பலர். செய்யவில்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

அதற்குப் பதில் அவர் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பது என்று முன்பே பேசிக்கொண்டோம்: அரும்பு நிலைப் பிள்ளைகள் எப்போது வேலையில்லாமல் சும்மா இருக்கிறார்கள்? (2022-ல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தானே நடத்துகிறோம்.) மொட்டுக் குழுவுக்காக அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அரும்பில் சத்தம் கிளம்பியது. இப்போது எழுத்து அட்டைகளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறார். அப்புறம் அவரும் என் வகுப்புக்கு வந்தார். பாடத்தை விட, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தே நான் நோட்டுத் திருத்துவதைத்தான் உற்றுப் பார்த்தார். "இப்படியே முடித்துவிட்டால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாமே சார்!"

வட்டார வள மையப் பயிற்றுநரிடம் சொல்லலாமே என்று கேட்டவருக்கு: எங்கள் பயிற்றுநர் நல்லவர்தான். ஆனால் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறவர் முன்னால் 'எனக்கு வரவில்லை' என்று எந்தப் புது டீச்சர் வாய் திறப்பார்?

பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு வேலை மட்டும் இன்னும் அவர் தலையில்தான். பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.