நிறம் பார்த்து நஞ்சுச் சிலந்தியை அறிய முடியுமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிக்கு அருகே எங்கள் கொல்லையில், மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட சிலந்தி ஒன்று, வெள்ளை இழையால் பெருக்கல் குறி போலக் கோலமிட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவைத்து வலையின் நடுவே அமர்ந்திருந்தது. பளிச்சென்ற நிறம் இருந்தால் நஞ்சு இருக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் விளக்குமாற்றால் அடித்துவிட்டேன். தவறா?

அரசலாறு:
தவறுதான் ஐயா. அது ஆர்ஜியோப்பி வகை; மனிதருக்குத் தீங்கு செய்யாதது. நஞ்சு ஏறத்தாழ எல்லாச் சிலந்திகளுக்கும் உண்டு. அது நம்மைப் படுத்துமா என்பதற்கு நிறம் விடை சொல்லாது. நிறத்துக்கு அஞ்சி அடித்தால், வயலில் நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்தே சாகும்.

வெட்டாறு:
படித்தவர் பேச்சு இது. நடவுக்கு இறங்கும் பெண்களிடம் சிலந்தியின் கண்களை எண்ணிப் பார்க்கவா சொல்வீர்கள்? கறுப்பு விதவைச் சிலந்தியின் வயிற்றில் சிவப்பு மணற்கடிகைக் குறி இருக்கிறது; மரத்தில் வாழும் பெரிய மயிர்ச் சிலந்திகளில் சில, முன்கால்களைத் தூக்கி அடிப்பக்கத்து மஞ்சளைக் காட்டி மிரட்டுகின்றன. இவை நிறம் தரும் எச்சரிக்கை அல்லவா?

அரசலாறு:
எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் குறி வயிற்றின் அடிப்பக்கத்தில் இருப்பதால், சிலந்தி வலையில் தலைகீழாகத் தொங்கும்போதுதான் கண்ணில் படும். அதன் உறவான பழுப்பு விதவையோ மேலுக்கு மங்கிய மண்ணிறம். மயிர்ச் சிலந்தியும் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். மஞ்சளைக் காட்டும் நேரத்தில் நம் கை ஏற்கெனவே அதனருகே போயிருக்கும். அமெரிக்காவின் பழுப்பு ரெக்ளூஸ் சிலந்தியின் முதுகில் வயலின் இசைக்கருவி போன்ற குறி என்பார்கள். அங்கும் அறிந்தவர்கள் குறியை நம்பாமல், வழக்கமான எட்டுக்குப் பதில் இரண்டிரண்டாக ஆறு கண்கள் இருக்கின்றனவா என்றே பார்க்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
சென்ற சம்பாவில் என் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் கொப்புளம் வந்தது. எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்றார்கள். அது எந்த நிறச் சிலந்தி?

அரசலாறு:
சிலந்தியாகவே இராது. நெல்வயலில் வாழ்ந்து இரவில் டியூப்லைட்டுக்கு வரும் பெடரஸ் என்னும் சிறு வண்டின் வேலையைப் போலிருக்கிறது. அது கடிப்பதில்லை, தோலில் வைத்து நசுக்கினால் உடற்சாறு பட்டு, ஒரு நாள் கழித்துக் கொப்புளம் எழும். ஆகவே ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வெட்டாறு:
அந்த வண்டு செம்மஞ்சளும் கறுப்புமாகத்தானே இருக்கும்? நிறத்தை நம்பி நசுக்காமல் விட்டவன் பிழைத்தான் என்று எழுதிக்கொள்ளலாமா?

அரசலாறு:
வண்டுக்கு எழுதிக்கொள்ளுங்கள். சிலந்திக்கு வேண்டாம்.