காக்கட்டில் காலில் ரிங் இறுகுகிறது: வெட்டலாமா? குஞ்சுகளுக்குப் போடலாமா?

லயத்துக்குருவி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு ஜோடி காக்கட்டில், அதாவது கொண்டை வைத்த சின்னக் கிளி, வாங்கினேன். ஆணின் வலது காலில் அலுமினிய ரிங், மூட்டே இல்லாத முழு வளையம். போன வாரம் வரை அதை நான் சட்டை செய்ததே இல்லை. இப்போது அந்தக் காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது, ரிங்கைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. பிடித்துப் பார்த்தால் ரிங்குக்கு அடியில் வெள்ளையாகப் பொருக்கு, ஓரத்தில் தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. மாமா, "பிளையர் எடு, ஒரு நொடி வேலை" என்கிறார். எனக்குக் கை நடுங்குகிறது.

இன்னொன்று, பெட்டியில் நான்கு முட்டை இருக்கிறது. குஞ்சு பொரித்தால் ரிங் போட வேண்டுமா? வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஈப்போக்கூண்டு:
தம்பி, முதலில் இதைப் பார். ரிங் சுற்றுகிறதா? மேலும் கீழும் நகர்கிறதா? அந்தக் கால் விரல்களை அடுத்த காலோடு ஒப்பிட்டுப் பார். கறுத்தோ, வீங்கியோ, தொட்டால் சில்லென்றோ இருந்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் நாளைக்கு என்று தள்ளாதே, இன்றைக்கே டாக்டர்.

பழைய மண்டோர்:
நகவெட்டியால் நானே மூன்று குருவிக்கு வெட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் டாக்டர் என்றால் குருவி விலையைவிட ஃபீஸ் அதிகம்.

கித்தாக்காட்டு அக்கா:
மண்டோர் அண்ணே, கோபிக்காதீர்கள். உங்கள் மூன்றுக்கும் ரிங் தளர்வாக இருந்திருக்கும், அல்லது வாய் திறந்த ரிங்காக இருந்திருக்கும். இந்தத் தம்பியுடையது முழு வளையம், அதுவும் இறுகியது. பிளையரால் அழுத்தினால் வளையம் முதலில் வெட்டுப்படாது, நசுங்கும். நசுங்கினால் உள்ளே இருப்பது ஈர்க்குச்சி பருமன் எலும்பு. காக்கட்டில் 90 கிராம்தான். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 9 மில்லி அளவு, அதில் 1 மில்லி போனாலே கவலைப்பட வேண்டும். டாக்டர் மயக்க வாயு கொடுத்து, ரிங்கை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வெட்டுவார். குருவி உதறாது. வித்தியாசம் அங்கேதான். எஃகு ரிங் என்றால் வீட்டில் நினைத்தே பார்க்காதே.

லயத்துக்குருவி:
பார்த்துவிட்டேன். ரிங் சுற்றுகிறது, ஆனால் மேலே போகவில்லை. விரல் சூடாகத்தான் இருக்கிறது, நிறமும் மாறவில்லை.

கித்தாக்காட்டு அக்கா:
அப்போது உயிர்ப் பிரச்சினை இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் போய்விடு. அதுவரை பொருக்கைப் பிய்க்காதே. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நனைத்தால் கொஞ்சம் இளகும். என்ன தீனி போடுகிறாய்?

லயத்துக்குருவி:
குவாச்சியும் (சூரியகாந்தி விதை) தினையும். வேறெதையும் தொடுவதில்லை அக்கா.

கித்தாக்காட்டு அக்கா:
நினைத்தேன். வெறும் விதை தின்னும் குருவிக்கு வைட்டமின் ஏ குறையும், தோல் தடித்துச் செதில் செதிலாக வரும். அந்தச் செதில் ரிங்குக்கு அடியில் சேரச் சேர இடம் குறையும். ரிங் சுருங்கவில்லை, கால்தான் தடித்தது. பூசணி, காரட், முருங்கைக் கீரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. காலில் பூச்சி இருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்ப்பார். பட்ஜி என்ற குட்டிக் கிளிக்கு அதுதான் அதிகம் வரும்.

ஈப்போக்கூண்டு:
முட்டை விஷயம். முழு ரிங் காக்கட்டில் குஞ்சுக்கு 8 முதல் 10 நாளுக்குள் போட வேண்டும். உள்விட்டம் சுமார் 5.5 மில்லிமீட்டர். மூன்று நீள விரல்களைச் சேர்த்து நுழைத்து, பின்னால் இருக்கும் சின்ன விரலைக் கடைசியாக வெளியே இழுப்பார்கள். சீக்கிரம் போட்டால் கழன்று விழும், தாமதித்தால் நுழையாது. பளபளவென்று மின்னினால் தாய்ப்பறவை குப்பை என்று நினைத்து, ரிங்கோடு குஞ்சையும் சேர்த்துப் பெட்டிக்கு வெளியே தள்ளப் பார்க்கும். முதல் இரண்டு நாள் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த காலில் அது நுழையாது என்பதால்தான் அதற்கு மதிப்பு. குஞ்சிலேயே மனிதன் கையில் இருந்த பறவை என்று அது காட்டும். காட்டிலிருந்து பிடித்த பறவைக்கு வாய் திறந்த ரிங்கை எந்த வயதிலும் மாட்டிவிடலாம், அதனால் அது எதற்கும் சாட்சி இல்லை. காக்கட்டில், பட்ஜி இரண்டும் சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் முராய் பத்து என்ற பாடும் பறவையை, வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் இணைப்பில் சேர்க்க 2022-இல் முடிவானது. இங்கே மலேசியாவில் அதை வளர்க்க பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் வேண்டும். ரிங் இருந்தாலே லைசென்ஸ் இருப்பதாக நினைக்கிற ஆளும் இருக்கிறார்கள், அதை நம்பாதே.

பழைய மண்டோர்:
தொலைந்தால் கண்டுபிடிக்கலாம் என்று சொல்கிறார்களே?

ஈப்போக்கூண்டு:
எண்ணை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அண்ணே. போன வருடம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ரிங் போட்ட காக்கட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது. எழுத்து, வருடம், எண் எல்லாம் தெளிவாக இருந்தது. யாரிடம் கேட்பது? யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் என் கூண்டில்தான் இருக்கிறது. வளர்த்தவர் யாருக்கு விற்றோம் என்று நோட்டில் எழுதியிருந்தால் கதை வேறு. பெரிய கிளிகளுக்கு அரிசி மணி அளவு சிப் ஊசியாகப் போடுகிறார்கள், அதைப் படிக்கக் கருவி வேண்டும். காக்கட்டில் மாதிரி சின்ன உடம்புக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

கித்தாக்காட்டு அக்கா:
நான் ரிங்கை வெறுக்க ஒரு காரணம் உண்டு. காக்கட்டில் இரவில் திடீரென்று பயந்து கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும், இதுவரை பார்க்காதவர்கள் இனிமேல் பார்ப்பார்கள். என் பெண் குருவி அப்படிப் பறந்தபோது உடைந்த கம்பி முனையில் ரிங் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தால் தலைகீழாகத் தொங்குகிறது, கால் முறிந்திருந்தது. பிழைத்தது, ஆனால் அந்தக் காலை இன்றும் ஊன்றாது. ரிங் மேல் பாதி தப்பு, அந்தக் கம்பியை மடக்காத என் மேல் பாதி. கயிற்றுப் பொம்மையின் பிரிந்த நூலும் இதே வேலையைச் செய்யும். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

லயத்துக்குருவி:
சனிக்கிழமை ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். முதலில் ரிங் எண்ணைப் படமெடுக்கச் சொன்னார் டாக்டர், வெட்டினபின் படிக்க முடியாதாம். மயக்கம் கொடுத்து வெட்டியதே ஐந்து நிமிடம், காத்திருந்தது இரண்டு மணி நேரம். செதில் மட்டும்தான், பூச்சி இல்லை. மருந்தோடு 120 வெள்ளி. மண்டோர் அண்ணே சொன்னது சரிதான், குருவி விலையைத் தாண்டிவிட்டது. ஆனால் மாலையே இரண்டு காலிலும் நின்றது.

இரண்டு குஞ்சு வந்திருக்கிறது. நான் வைத்துக்கொள்ளப் போவதற்கு ரிங் இல்லை. விற்கப் போவதற்குப் போடுகிறேன், நோட்டும் வாங்கிவிட்டேன். மாமா இன்னும் பிளையரோடு சுற்றிக்கொண்டிருந்தார். சரி என்று, கூண்டின் கம்பி முனைகளையெல்லாம் மடக்கச் சொல்லி அவரிடமே விட்டுவிட்டேன்.