யு.எஸ். கிரெடிட் கார்டு இன்சூரன்ஸ் நம்ம ஊரு செல்ஃப் டிரைவ் காருக்கு செல்லுமா?

தண்டையார்பேட்டை தம்பி:

வணக்கம் மக்களே. பொங்கலுக்கு அக்கா ஃபேமிலி நியூ ஜெர்சில இருந்து வர்றாங்க. பையனுக்கு திருத்தணில மொட்டை போட்டு காது குத்தணும், அப்படியே கும்பகோணம் தஞ்சாவூர்னு ஒரு ரவுண்டு போணும். டிரைவரோட வண்டி சொல்லிடலாம்னா மாமா ஒத்துக்க மாட்டேங்கறாரு, செல்ஃப் டிரைவ் எடு நானே ஓட்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. சரின்னு ரெண்டு இடத்துல விசாரிச்சேன்.

ஒண்ணு ஆபீஸ் போட்டு நடத்தற கம்பெனி. வாடகை, டெபாசிட், அது போக டேமேஜ் கவர்னு ஒரு நாளைக்கு இவ்ளோனு தனியா கேக்கறாங்க. அது எடுக்கலைன்னா கீறல் விழுந்தா கூட மொத்தமும் நம்ம தலைல தான். இன்னொண்ணு கொருக்குப்பேட்டைல தெரிஞ்ச பையன், சொந்த இன்னோவா, டெபாசிட் கம்மி, அக்ரிமென்ட் கிக்ரிமென்ட் எதுவும் கிடையாது, ஆதார் ஜெராக்ஸ் குடுத்து ஜிபே பண்ணிட்டு சாவிய வாங்கிட்டு வந்துடலாம்.

மாமா இன்னா சொல்றாருன்னா அந்த டேமேஜ் கவரை வாங்கவே வாங்காத, என் கிரெடிட் கார்டுலயே ரென்டல் கார் இன்சூரன்ஸ் சும்மாவே வருது, அவங்க கவரை வாங்கினா தான் இது செல்லாம போய்டும்னு. எனக்கு இது புரியவே இல்ல, அமெரிக்கா பேங்க் எதுக்கு தண்டையார்பேட்டைல இடிபடற காருக்கு துட்டு தரப் போறான்? நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா? இருந்தா ரெண்டு வண்டில எதுக்கு செல்லும்? என்கிட்டயும் ஒரு கிரெடிட் கார்டு இருக்கு, அதுலயும் இது இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்டியரிங் ராயபுரம்:

தம்பி மொதல்ல அந்த கொருக்குப்பேட்டை இன்னோவாவ மறந்துடு. ஒயிட் போர்டு தானே அது? செல்ஃப் டிரைவுக்கு விடற வண்டின்னா கருப்பு பிளேட்ல மஞ்ச எழுத்து இருக்கணும், டிரைவரோட ஓடற டாக்ஸின்னா மஞ்ச பிளேட்ல கருப்பு எழுத்து. ஒயிட் போர்டு சொந்த யூசுக்கு மட்டும் தான், அந்த பாலிசி பேப்பர்லயே வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு அச்சடிச்சு இருக்கும். நாளைக்கு ஒண்ணுனா அவன் உன்ன "எங்க மச்சான் எடுத்துனு போனாரு"னு சொல்ல சொல்லுவான், நீயும் பொய் சொல்லிட்டு நிக்கணும். ஆள் மேல ஏத்திட்டா அதோட பேஜாரு வேற லெவலு.

நான் கூப்பிட்டா வந்து அடுத்தவங்க காரை ஓட்டற ஆக்டிங் டிரைவர் தான், அதனால என் பொழப்புக்காக சொல்றேன்னு நினைச்சுக்காத. மாமா அங்க லேன் புடிச்சி ஓட்டி பழகினவரு. இங்க ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு வரிசை கட்டி நிக்கற கன்டெய்னர் லாரிங்க நடுவுல, ராங் சைடுல வர்ற மீன்பாடி வண்டிய பாத்து பிரேக் அடிக்கணும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் பின்னாடி ஓரமா இடம் இருக்குனு நுழைஞ்சா முடிஞ்சுது கதை. சிட்டிய தாண்டற வரைக்கும் நீ ஓட்டு, திருவள்ளூர் தாண்டி அவரு ஓட்டட்டும்.

ஜெர்சில ஒரு வடசென்னை பொண்ணு:

தம்பி, மாமா சொல்றது பாதி கரெக்ட். அமெரிக்கால நிறைய கார்டுல இந்த பெனிஃபிட் நிஜமாவே இருக்கு, வெளிநாட்டுல எடுக்கற காருக்கும் வரும். ஆனா எல்லா கார்டுலயும் இல்ல. சிட்டி பேங்க் 2019ல அவங்க நிறைய கார்டுல இருந்து இதை எடுத்துட்டாங்க, அது தெரியாமலே இன்னும் நிறைய பேர் இருக்குனு நினைச்சிட்டு திரியறாங்க. அதனால அவரு கார்டு வந்தப்போ குடுத்த பழைய புக்லெட்டை பாக்காம இப்ப இருக்கற பெனிஃபிட் கைடை டவுன்லோட் பண்ணி பாக்க சொல்லு. நாடு விஷயமும் இருக்கு. அமெக்ஸ்ல, அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுல, ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்து கிடையாது, விசால வழக்கமா இஸ்ரேல், ஜமைக்கா, அயர்லாந்து கிடையாது. இந்தியா அந்த லிஸ்ட்ல இல்ல, அது வரைக்கும் சந்தோஷம்.

இப்ப முக்கியமானது. இது வண்டிக்கு ஆகற டேமேஜுக்கும் திருட்டுக்கும் மட்டும் தான். எதிர்ல வந்த ஆட்டோவுக்கோ பைக்ல வந்தவருக்கோ, உள்ள உக்காந்திருக்கற அக்காவுக்கோ அடிபட்டா கார்டு பத்து பைசா தராது. அதுக்கு வண்டியோட சொந்த தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் தான் கதி.

அப்புறம், கார்டு வச்சிருக்கறவரு பேர்ல தான் அக்ரிமென்ட் இருக்கணும், மொத்த வாடகையும் அந்த கார்டுலயே ஸ்வைப் ஆகணும். நீ பாசத்துல அட்வான்ஸை உன் ஜிபேல இருந்து அனுப்பிட்டேன்னா அங்கயே வம்பு. கம்பெனி டேமேஜ் கவரை வேணாம்னு சொல்லணும், மாமா சொன்னது இத தான். ஓட்டற எல்லார் பேரும் அக்ரிமென்ட்ல இருக்கணும். அதனால ஸ்டியரிங் அண்ணன் சொன்ன மாதிரி நீ ஓட்டறதா இருந்தா உன் லைசன்ஸையும் குடுத்து ரெண்டாவது டிரைவரா பேரை ஏத்திக்கோ. பேர் இல்லாதவன் ஓட்டி இடிச்சா கிளெய்ம் காலி.

அந்த ஒயிட் போர்டு இன்னோவா இங்கயும் அடிபடுது. ரென்டல் தொழில் பண்ற கம்பெனிகிட்ட எடுத்த வண்டிக்கு தான் கவர், தனி ஆளோட காருக்கு கிடையாது. ஆப்புல தனி ஓனரோட வண்டிய எடுத்து குடுக்கறாங்களே, ஜூம்கார் கூட இப்ப அந்த மாடலுக்கு மாறிடுச்சு, அதுக்கும் பெரும்பாலான கார்டு கை விரிச்சுடும். இங்க ட்யூரோனு அதே மாதிரி ஒரு ஆப்பு இருக்கு, அதுக்கும் இதே கதை தான்.

பிரைமரி செகண்டரினு ஒண்ணு சொல்லுவாங்க, சேஸ் பேங்கோட சஃபையர் மாதிரி கார்டுல பிரைமரி, மத்ததுல பல இடத்துல செகண்டரி, அதாவது சொந்த கார் பாலிசி மொதல்ல குடுத்த மிச்சம் தான் கார்டு தரும். மாமாவோட ஜெர்சி கார் பாலிசி இந்தியால செல்லாது, அதனால இங்க அந்த வித்தியாசம் பெருசா வராது, அத போட்டு குழப்பிக்காதீங்க.

பழைய சர்வேயர்:

மோட்டார் கிளெய்ம் சர்வே, அதாவது இடிபட்ட வண்டிய பாத்து நஷ்டத்தை கணக்கு போடற வேலை, பல வருஷம் பண்ணினவன்கற முறையில கொஞ்சம் சொல்றேன்.

வண்டிக்கு தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் ஏன் வாடகை கம்பெனி நம்ம கிட்ட புடுங்கறான்னு எல்லாரும் கேப்பாங்க. காரணம் இருக்கு. சாதாரண பாலிசில பம்பர் மாதிரி பிளாஸ்டிக் ரப்பர் சாமானுக்கு 50 பர்சன்ட் தேய்மானம் கழிப்பாங்க, ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்ல. ஒரு பம்பர் 12,000னு வச்சுக்குங்க, 6,000 அங்கயே போச்சு. அதுக்கு மேல கம்பல்சரி டிடக்டிபிள்னு வண்டிக்காரரே கைல இருந்து போடற ஒரு தொகை. கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸும் போகும், அது 20 பர்சன்ட்ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏறி 50 வரைக்கும் போற தள்ளுபடி. வண்டி ஷெட்ல நிக்கற நாளுக்கு வாடகையும் கிடையாது. அதனால சின்ன அடிக்கெல்லாம் இன்சூரன்ஸ் பக்கமே போக மாட்டாங்க, டெபாசிட்ல கழிச்சிடுவாங்க.

இங்க தான் கார்டு கிளெய்முக்கு பிரச்சனை. நம்ம ஊரு வாடகை கம்பெனிகாரங்க டென்ட் அடிக்கற கடைல குடுத்து, ஒரு வெள்ளை பேப்பர்ல "பம்பர் பெயின்ட் லேபர் சேர்த்து 8,500"னு எழுதி கொடுத்துடுவாங்க. சீல் இருக்காது, ஜிஎஸ்டி நம்பர் இருக்காது. அந்த பேப்பரை அமெரிக்காகாரன் கிட்ட அனுப்பினா என்ன பண்ணுவான்? அவங்க கேக்கறது வண்டிய திருப்பி விட்டு கணக்கு முடிச்ச அக்ரிமென்ட் காப்பி, கார்டு ரசீது, போட்டோ, ஐட்டம் வாரியா எஸ்டிமேட், ரிப்பேர் பில், கம்பெனி உங்க கிட்ட பணம் கேட்டு குடுத்த லெட்டர். பெரிய அடின்னா போலீஸ் ரிப்போர்ட். நம்ம ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடலைன்னாலும் புகார் வாங்கினதுக்கு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீதாவது கேட்டு வாங்குங்க. இதெல்லாம் வாங்கி அனுப்பற வரைக்கும் உங்க காசு தான் வெளில நிக்கும், கார்டு பின்னாடி திருப்பி தர்றது தான், அந்த இடத்துல வந்து கட்டாது.

வண்டி எடுக்கும் போதே கம்பெனில கேளுங்க, "ரிப்பேர் ஆனா ஜிஎஸ்டி பில்லோட ஐட்டம் வாரியா தருவீங்களா"னு. இழுத்தாங்கன்னா கார்டு இன்சூரன்ஸை நம்பி இறங்காதீங்க.

பெரம்பூர் ஃபில்டர் காபி:

உங்க கார்டு பத்தி கேட்டீங்களே, நம்ம ஊர் கார்டுல பொதுவா வர்றது ஆக்சிடென்ட்ல உயிர் போனா ஒரு தொகை, விமான விபத்து கவர், கார்டு தொலைஞ்சு யாராவது தேய்ச்சா அதுக்கு பாதுகாப்பு, இவ்ளோ தான். வாடகை கார் டேமேஜுக்கு எதிர்பார்க்காதீங்க. கார்டு விக்கற பசங்க "சார் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு சொல்றது இந்த உயிர் போற மேட்டரை தான்.

எனக்கு ஒரு கேள்வி. இவ்ளோ தலைவலி எதுக்கு, கம்பெனி கவரையே வாங்கிட்டா என்ன? அங்க கவுன்டர்ல கேக்கற டாலருக்கு கார்டை நம்பறது லாபம், ஒத்துக்கறேன். இங்க அவங்க கேக்கறது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு காசு.

ஜெர்சில ஒரு வடசென்னை பொண்ணு:

அத நானும் சொல்ல வந்தேன், ஆனா முழுசா இல்ல. சின்ன கீறல், பம்பர் உரசல் மாதிரி விஷயத்துக்கு கம்பெனி கவர் தான் பெஸ்ட், யாரு அந்த பேப்பரெல்லாம் அலைஞ்சு அனுப்பறது. ஆனா அந்த கவர்ல ஒரு லிமிட் இருக்கும், அதுக்கு மேல போனா மறுபடி உன் தலைல தான். வண்டி உருண்டுடுச்சு, திருடு போச்சுன்னா அப்ப தான் கார்டோட கவர் பெருசா தெரியும். ஆனா கம்பெனி கவரை எடுத்துட்டா கார்டு கவர் வராதுங்கறது தான் பொதுவான விதி, சில கார்டுல வாடகைக்குள்ளயே சேர்ந்து வர்ற பாதி கவருக்கு மேல மிச்சத்தை தருவான். அதுக்கு மாமா கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு போன் போட்டு, கம்பெனியோட அந்த கண்டிஷனை படிச்சு காட்டி கேக்கணும். வாய் வார்த்தையா விடாம கவர் இருக்குனு லெட்டர் மெயில்ல அனுப்ப சொன்னா அனுப்புவாங்க.

பழைய சர்வேயர்:

கம்பெனி கவர் எடுக்கறதா இருந்தா எதுக்கு செல்லாதுங்கற பக்கத்தை மட்டுமாவது படிங்க. டயர், அடிபாகம், சாவி தொலையறது, இன்ஜின்ல தண்ணி, இதெல்லாம் வெளில தள்ளி இருப்பாங்க. பொங்கலுக்கு மழை இருக்காதுனு வைங்க, இருந்தாலும் பின்னாடி படிக்கறவங்களுக்கு சொல்றேன், கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கும் போது வண்டிய விட்டு அணைஞ்சுதுன்னா மறுபடி ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க. தண்ணி உள்ள போய் இன்ஜினுக்குள்ள இருக்கற கனெக்டிங் ராட் வளைஞ்சுதுன்னா சாதாரண பாலிசில அது வராது, இன்ஜினுக்குனு தனியா காசு கட்டி ஆட் ஆன் கவர் எடுத்திருக்கணும். தள்ளிட்டு போய் ஓரமா நிறுத்திட்டு போன் பண்ணுங்க.

தண்டையார்பேட்டை தம்பி:

எல்லாருக்கும் நன்றி, பெரிய கிளாஸே எடுத்துட்டீங்க. இன்னோவா பையன் கிட்ட வேணாம்னு சொல்லியாச்சு, மூஞ்ச தூக்கி வச்சினு போறான், போட்டும். மாமா கார்டுக்கு போன் போட்டாரு, இந்தியாவுக்கு உண்டாம், கம்பெனி வண்டியா இருக்கணுமாம், வெளிநாட்டுல 31 நாள் வரைக்குமாம், ஏதாவது ஆச்சுன்னா 45 நாளுக்குள்ள சொல்லிடணுமாம். நான் கம்பெனில ஜிஎஸ்டி பில் பத்தி கேட்டேன், "பாத்துக்கலாம் சார், மொதல்ல புக் பண்ணுங்க"ன்றான். அதனால அவங்க கவரையே எடுக்கறதா முடிவு பண்ணிட்டோம், மாமாவுக்கு தான் மனசே வரல. ஆனா இப்ப புதுசா ஒண்ணு, மாமாவோட நம்ம ஊர் லைசன்ஸ் காலாவதி ஆயிடுச்சு, ஜெர்சி லைசன்ஸ் மட்டும் தான் இருக்கு. அது போதுமா?

ஜெர்சில ஒரு வடசென்னை பொண்ணு:

போதாது. கிளம்பறதுக்கு முன்னாடி இங்கயே டிரிபிள் ஏ (AAA)ங்கற அமெரிக்கா கார் சங்கத்தோட ஆபீஸ்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்க சொல்லு, அமெரிக்கா லைசன்ஸுக்கு அத சென்னைல வாங்க முடியாது. ஒரு வருஷம் செல்லும், ஜெர்சி லைசன்ஸையும் கூடவே வச்சிருக்கணும். இது இல்லாம ஓட்டி இடிச்சா கம்பெனி கவர், வண்டி இன்சூரன்ஸ், கார்டு எல்லாமே ஒரே காரணத்தை சொல்லி கழண்டுக்கும்.

ஸ்டியரிங் ராயபுரம்:

வண்டி எடுக்கும் போது அவன் காட்டற நாலு போட்டோவ நம்பாத. நீயே வீடியோ எடு, வெயில்ல நிறுத்தி எடு, ஷெட்டுக்குள்ள இருட்டுல கீறல் தெரியாது. நாலு வீல் ரிம்மு, பம்பருக்கு கீழ் உதடு, கண்ணாடி மடிக்கற இடம், டாப்பு, ஸ்டெப்னி, மீட்டர்ல கிலோமீட்டரும் டீசல் முள்ளும். குனிஞ்சு கேமராவ அடில விட்டு ஒரு ரவுண்டு. திருப்பி விடும் போதும் இதே மாதிரி, அவன் ஆள் ஃபிரேம்ல நிக்கற மாதிரி எடு. ராத்திரி உங்க தெருல நிறுத்தாத, கிரிக்கெட் ஆடற பசங்களுக்கு கார் மேல அடிச்சா சிக்ஸருனு கணக்கு. பார்க்கிங் இருக்கற சொந்தக்காரங்க வீடு எதாவது இருந்தா அங்க விட்டுட்டு ஷேர் ஆட்டோல வந்துடு.