முசுறு எறும்பைப் படமெடுக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கணக்கர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, பள்ளி ஆசிரியர் என்று 18 வருடம் சுற்றிவிட்டு, இப்போதுதான் இயற்கையைப் படமெடுப்பதிலும் எழுதுவதிலும் முழுதாக இறங்கியிருக்கிறேன். முதல் படம் முசுறு எறும்புகள் பற்றி. தம் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் இலைகளை ஒட்டி அவை கூடு கட்டுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

சிக்கல் ஃபோகஸ்தான். சிறியவற்றை அருகிலிருந்து எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1 அளவில் (கேமரா சென்சாரில் எறும்பின் நிஜ அளவே விழும்படி), லென்ஸ் துளையை எஃப் 8-க்குச் சுருக்கி வைத்தாலும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் தெளிவாக விழுகிறது. லேசான காற்று போதும், எறும்பு மங்கிவிடுகிறது. கிளையைக் கட்டி நிறுத்த மனம் வரவில்லை, கூடு கலைந்துவிடும்.

தொந்தரவு செய்யாமல் எடுத்தவர்கள் உங்கள் முறையைச் சொல்லுங்கள். அப்புறம், வர்ணனையை முன்பே எழுதுவீர்களா, எடுத்த பிறகா?