வீட்டுப் படங்களுக்கு எந்த மென்பொருள்? வன்னியிலிருந்து எங்கள் அனுபவங்கள்

வட்டக்கச்சி, ஆசிரியை

வணக்கம். படங்களைத் திருத்தவும் ஒழுங்குபடுத்தவும் எதைப் பாவிக்கலாம் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். என் அனுபவத்தை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் படங்கள் இரண்டு விதம். 2009க்கு முந்தையவை கொஞ்சம்தான். இடம்பெயரும்போது காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே பையில் வந்தவை, இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ வைத்திருந்து ஸ்கான் செய்து அனுப்பியவை. அதற்குப் பிறகு போனில் எடுத்தவை ஆயிரக்கணக்கில். முதல் வகைக்குத் திருத்தம் வேண்டும், இரண்டாவதுக்கு ஒழுங்கு வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. எல்லாம் ஒன்றிலேயே நடக்க வேண்டும் என்று தேடப் போய்த்தான் மாதாமாதம் டொலரில் காசு கேட்கும் மென்பொருளில் மாட்டிக்கொள்கிறோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, கட்டணம் ஒரு சதமும் கூடாமலே எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஒழுங்குபடுத்த நான் பாவிப்பது டிஜிகாம். இலவசம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதற்கு முன் பிக்காசா வைத்திருந்தேன். கூகுள் அதை 2016 மார்ச்சோடு கைவிட்டது. பிக்காசாவில் முகங்களுக்குப் போட்ட பெயர்கள் வழக்கமாகப் படத்துக்குள் இருக்காது, அதே கோப்புறையில் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பில் இருக்கும். படத்தை மட்டும் கொப்பி எடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பெயர் கூட வராது. அதனால் எந்த மென்பொருள் என்றாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் எழுதும் பெயரும் ஆண்டும் ஊரும் படக் கோப்புக்குள்ளேயே பதியுமா? டிஜிகாமில் பதியும். அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் குறிப்புத் தகவல்) என்ற பகுதிக்குப் போய், குறிப்புகளையும் முகப் பெயர்களையும் கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாளைக்கு டிஜிகாமே இல்லாமல் போனாலும் பெயர்கள் படத்தோடு இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய படத்தில் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது. அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஒரு கல்யாண வீட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். "இது உங்கட அப்பப்பாவின்ர மூத்த தமக்கை, முத்தையன்கட்டில வயல் செய்தவை. பக்கத்தில குடையோட நிக்கிறது விதானையார்" என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயரைத் தமிழிலேயே அடித்தேன். தாளில் எழுதிப் பிறகு ஏற்றலாம் என்று விட்டிருந்தால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று குழம்பியிருக்கும்.

இன்னொன்று, ஸ்கான் செய்த படத்துக்குக் கணினி போடும் திகதி ஸ்கான் செய்த நாள்தான். 1987இல் எடுத்த படம் போன வருடப் படங்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். டிஜிகாமில் பல படங்களைச் சேர்த்துத் தெரிவுசெய்து திகதியை ஒரேயடியாக மாற்றலாம். மாதம் தெரியாவிட்டால் ஆண்டையாவது போடுங்கள்.

புதுக்குடியிருப்பு, ஸ்ரூடியோவில் வேலை

அக்கா, திருத்தம் பற்றி நான் சொல்கிறேன். எங்களிடம் வருவதில் கனக்க அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் (இறந்தவருக்கு அச்சிடும் நினைவுப் புத்தகம்) ஆண்டுத் திவசத்துக்கும் வருகிற படங்கள்தான். பலருக்கு இருப்பது தேசிய அடையாள அட்டைப் படம் மட்டும். அதுவும் லமினேட் பண்ணியது, மடிப்பு விழுந்தது, முகத்துக்கு மேலே முத்திரை ஓடியது.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஜிம்ப் போதும். 1990களின் நடுவிலிருந்து இருக்கிறது, இலவசம், 2025இல் 3.0 பதிப்பு வந்தது. செய்முறை இப்படி. சின்னப் படம் என்றால் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) ஸ்கான் பண்ணுங்கள், தபாலட்டை அளவென்றால் 300 போதும். ஜிம்பில் திறந்தவுடன் படம் இருக்கும் அடுக்கை (லேயர்) ஒருமுறை இரட்டித்து, மேலே உள்ளதில் மட்டும் வேலை செய்யுங்கள். கீழே உள்ளது தொடாமல் கிடக்கட்டும். கன்னத்தில் விழுந்த கீறலுக்கு ஹீல் கருவி: கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பக்கத்தில் உள்ள நல்ல தோலில் ஒரு கிளிக், பிறகு கீறலின் மேல் சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டும். தூரிகை கீறலைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். புருவத்தோரம், உதட்டோரம் வந்தால் ஹீல் நிறங்களைக் கலந்து சேறாக்கிவிடும், அங்கே குளோன் கருவிக்கு மாறுங்கள். முத்திரை மை நீலம் அல்லது ஊதா, படம் கறுப்பு வெள்ளை. அதனால் படத்தின் சிவப்பு, பச்சை, நீல நிறப் பகுதிகளை (சனல்) தனித்தனியே பிரித்துப் பாருங்கள். மை ஒன்றில் மங்கித் தெரியும். அந்தச் சனலை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

போனில் ஒரு தட்டில் பழைய படத்தைப் புதிதாக்கும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தாய் தன் மகனுடைய படத்தை அப்படிச் செய்வித்துக்கொண்டு பெரிதாக்க வந்தா. பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ர பிள்ளை இல்லை" என்றா. அவ சொன்னது சரி. அந்தச் செயலிகள் மங்கிய முகத்தைத் துலக்குவதில்லை, ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து ஒரு புது முகத்தை அதிலே வரைகின்றன. கண்ணும் பல்வரிசையும் வேறு ஆளுடையதாகிவிடும். ஊர்ப் படம், கோயில் படம் என்றால் பரவாயில்லை. ஒருவருக்கு இருப்பதே ஒரு படம் என்றால் அதில் இதைச் செய்யாதீர்கள். நான் அவவுக்குப் பழைய அட்டையிலிருந்து மடிப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அவவின் பிள்ளைதான்.

மல்லாவி, வயல் செய்பவர்

என்னுடைய லப்டொப் பழசு, 4 ஜிபி ரெம். டிஜிகாம் ஓடியது, ஆனால் முகம் தேடச் சொன்னால் மூச்சுவாங்கியது. முகம் அடையாளம் காண முதல் தடவை அது சில நூறு எம்பி வேறு இறக்கும், டேட்டா போட்டுப் பாவிப்பவர்கள் கவனியுங்கள். ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை, அது உண்மை.

நான் இப்போது பாஸ்ட்ஸ்டோன், இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள்கள் வைத்திருக்கிறேன். இரண்டும் வீட்டுப் பாவனைக்கு இலவசம். பாஸ்ட்ஸ்டோனில் நாலு படம் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மகளின் சாமத்திய வீட்டில் ஒரே நிற்பில் எடுத்த படங்கள் கிடந்தன. கண் மூடியது, ஆடியது எல்லாவற்றையும் அதில்தான் கழித்தேன். இர்ஃபான்வியூ சில எம்பிதான், 1996இலிருந்து இருக்கிறது. நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்ற அதுபோல் இல்லை. ஆண்டு, மாதம், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயர் வைத்தால் மென்பொருளே இல்லாமலும் படங்கள் தானாக ஒழுங்காக நிற்கும்.

முள்ளியவளை, இரண்டு பிள்ளைகளின் தாய்

எங்கள் வீட்டில் கணினி இல்லை, போன்தான் எல்லாம். படம் திருத்த ஸ்னாப்சீட் என்ற செயலி இருக்கிறது, இலவசம், விளம்பரமும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலில் இரவில் எடுத்த படங்கள் இருட்டாக இருந்தால் அதில் நிழல்களை மட்டும் கொஞ்சம் உயர்த்துவேன். சேமிக்கும்போது கொப்பியாகச் சேமிக்கச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே இருக்கும்.

கூகுள் போட்டோஸ் முன்பு எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றியது. 2021 ஜூன் 1இலிருந்து 15 ஜிபி மட்டும், அதிலேயே ஜிமெயிலும் அடங்கும். வாட்ஸ்அப் வீடியோக்களையும் காலை வணக்கப் படங்களையும் ஏற்றாமல் அந்தக் கோப்புறைகளை நிறுத்தி வைத்தேன். இப்போது இடம் போதுமாயிருக்கிறது.

கனடாவிலிருந்து மச்சாள் பழைய படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினா. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், திகதியும் போய்விடும். "டொகுமெண்ட் என்று போட்டு அனுப்புங்கோ மச்சாள்" என்று சொன்ன பிறகு வந்தவை தெளிவு. இதைக் கட்டாயம் உங்கள் சொந்தங்களுக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் இருப்பது பல வீடுகளுக்கு ஒரே பிரதி.

வவுனியா, கணினி திருத்துபவர்

எல்லோரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மனம் நொந்த ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய மென்பொருளின் பூட்டு உடைத்த பிரதியைக் கடையில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதை நிறுவும்போது வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். அப்படி நிறுத்தி வைத்த ஒரு கணினி என்னிடம் வந்தது. எல்லாப் படமும் பூட்டப்பட்டு, மீட்கக் காசு கேட்டு ஒரு செய்தி. வேறு பிரதி இல்லை. என்னால் ஒன்றும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் முன்னால் அதைச் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

அப்படிப் பூட்டு உடைத்த பிரதிக்கு இப்போது தேவையே இல்லை. போட்டோஷொப் கோப்பைத் திறக்க வேண்டும் என்றால் போட்டோபீ இருக்கிறது. உலாவியிலேயே ஓடும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, விளம்பரம் மட்டும் பக்கத்தில் வரும். அஃபினிட்டி என்ற படத் திருத்த மென்பொருளை கன்வா நிறுவனம் 2024இல் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. கணக்குத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்குவதானால் நிபந்தனையை வாசியுங்கள். போட்டோஷொப் எலிமெண்ட்ஸ் ஒருமுறை வாங்கினால் எப்போதும் உங்களுடையது என்று இருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதுவும் மூன்று வருட உரிமம்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போடலாம். டிஜிகாம், ஜிம்ப் இரண்டும் அதில் நன்றாக ஓடும்.

மென்பொருளில் மிச்சம் பிடித்த காசுக்கு வெளி ஹாட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் சகோதரம் வீட்டில். டிஸ்க்கைக் கணினியோடு எந்நேரமும் கொழுவி வைக்காதீர்கள். நான் சொன்ன, படங்களைப் பூட்டும் அந்த வைரஸ் அதையும் பிடிக்கும், இடி மின்னலும் பிடிக்கும்.

ஒட்டுசுட்டான், உயர்தர மாணவன்

அண்ணாக்கள், அக்காக்கள், ஒரு கேள்வி. அப்பப்பாவின் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி ஸ்கான் பண்ணலாமா?

புதுக்குடியிருப்பு, ஸ்ரூடியோவில் வேலை

கழற்ற வேண்டாம் தம்பி. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கானரில் கவிழ்த்து வையுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் பகலில் விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில் வைத்துப் படமெடுங்கள். கூகுளின் போட்டோஸ்கான் செயலி ஒரே படத்தைப் பல கோணத்தில் எடுத்துச் சேர்த்து வெளிச்சப் பளபளப்பை நீக்கும், இதற்கென்றே செய்தது. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரத்துணி வைக்காதீர்கள். காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

வட்டக்கச்சி, ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. விடுபட்ட இரண்டு விசயம்.

பெயரும் குறிப்பும் அடிக்கும்போது யுனிகோட்டில் (எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை) அடியுங்கள். இங்கே பலருக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருதான் கைவந்தது, எனக்கும் அப்படித்தான். ஆனால் பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கனடாவில் இருக்கும் பிள்ளை அம்மம்மாவின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யுனிகோட் வரும்படி மாற்றித் தரும் வசதிகள் இலவசமாக இருக்கின்றன, கையைப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.

மற்றது முள்ளியவளைத் தங்கைக்கு. கூகுள் போட்டோஸில் இருப்பவற்றை கூகுளின் டேக்அவுட் என்ற வசதி மூலம் மொத்தமாக இறக்கலாம். அங்கே எழுதிய குறிப்புகள் படத்துக்குள் வராது, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் தனிக் கோப்பாக வரும். அவற்றை அழித்துவிடாமல் படங்களோடு சேர்த்தே வையுங்கள். கிளிநொச்சிப் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், என் கணினியில் இறக்கி ஹாட் டிஸ்க்கில் போட்டுத் தருகிறேன்.