நாலுக்கு ஆறு பாத்ரூமைப் பழைய சலூன் மாதிரி மாற்ற முடியுமா? (செம்பூர், மும்பை)

திலக்நகர்க்காரன் கேட்டது:

செம்பூர் திலக் நகரில் பழைய கட்டடம், மூன்றாவது மாடி. பாத்ரூம் அகலம் நாலடி, நீளம் ஆறடி. கதவு குறுகிய சுவரில். உள்ளே நுழைந்தால் இடது பக்கம் வாஷ்பேசின், கடைசியில் ஷவர், அதற்கு மேல் சின்ன ஜன்னல். இடது மூலையில் மேல்மாடிக் கழிவுநீர் இறங்கும் பிவிசி பைப் ஒன்று தரையிலிருந்து கூரை வரை நிற்கிறது. கக்கூஸ் தனி, நல்லவேளை.

டைல் எல்லாம் பெயர்ந்து வருகிறது. சொசைட்டியில் அனுமதி வாங்கியாயிற்று. உடைப்பதுதான் உடைக்கிறோம், அந்தக் காலத்து சலூன் போல ஆக்கினால் என்ன என்று ஆசை. நான் இன்னும் பிரஷ், சோப்பு, இரட்டை முனை பிளேடு வைத்துச் சவரம் செய்கிற ஆள். "காலையில் அரைமணி நேரம் உள்ளேயே இருக்கிறீர்கள், பேசாமல் கடையாகவே ஆக்கிவிடுங்கள்" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

டிசைனர் ஒருவரைக் கூப்பிட்டேன். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் சுற்றுகிற விளக்குக் கம்பம், செங்கல் படம் போட்ட வால்பேப்பர், மீசை வைத்த மண்டையோடு ஸ்டிக்கர், கம்பி தெரிகிற மஞ்சள் பல்பு என்று போனில் படம் காட்டினார். பர்கர் கடை மாதிரி இருந்தது. நான் நினைப்பது அது இல்லை. கோவில்பட்டியில் அப்பா கூட்டிப்போன கடை: எதிரெதிரே பெரிய கண்ணாடி, பாதிச் சுவர் வரை பச்சை ஆயில் பெயிண்ட், பவுடர் வாசனை, தினத்தந்தி. அதை நாலடி அகலத்தில் எப்படிக் கொண்டுவருவது? தரைக்கு என்ன போடுவது? மும்பையில் எங்கே தேடுவது? அந்தப் பைப்பை எப்படி மறைப்பது? டிசைனர் சொன்ன தொகையில் பாதிக்குள் முடிக்க வேண்டும்.

கல்யாண்_சைட்இன்ஜினியர்:

சார், அலங்காரம் அப்புறம். முதலில் வாட்டர்ப்ரூஃபிங். பழைய டைலை எடுத்ததும் தரையோடு சுவரிலும் ஓரடியாவது ஏற்றிப் பூசச் சொல்லுங்கள், ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. பூசிக் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் நீங்களே போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகுதான் டைல்.

தரைக்குக் கருப்பு வெள்ளைக் கட்டம் போடப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓரடி டைல் எடுக்காதீர்கள். நாலடியில் நான்கு கட்டம்தான் வரும், அறை இன்னும் சின்னதாகத் தெரியும். நாலு அங்குலம், அதிகம் போனால் ஆறு அங்குலம். சின்ன டைல் வாட்டத்துக்கும் நன்றாக வளைந்து கொடுக்கும், இணைப்புக் கோடு அதிகம் என்பதால் கால் வழுக்காது. பளபளப்பு வேண்டாம், மேட் மட்டும். கட்டத்தைக் குறுக்காகப் போட்டால் அழகுதான், ஆனால் ஓரமெல்லாம் வெட்ட வேண்டும், சேதாரம் கூடும்.

சுவருக்கு மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல். 1904-இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டியது இந்த அளவுதான், அதனால்தான் கடையில் சப்வே டைல் என்று கேட்டால் கொடுக்கிறார்கள். டைல் இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட் (தண்ணீர் உறிஞ்சாத பிசின் கலவை) போடுங்கள். வெள்ளை சிமெண்ட் மும்பை மழைக்காலத்தில் கருத்துவிடும்.

கரண்டு: கண்ணாடி விளக்குக்கு ஐபி44 ஃபிட்டிங் (தண்ணீர் தெறித்தாலும் தாங்குவது), லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்). கீசருக்கும் அதே பாதுகாப்பு. இதில் பேரம் பேசாதீர்கள்.

கோலிவாடா_கத்தரி:

அண்ணே, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சயான் கோலிவாடாவில் அப்பா சலூன் வைத்திருந்தார். நான் ஐடிக்குப் போய்விட்டேன், ஆனால் பள்ளி விடுமுறை எல்லாம் அந்தக் கடையில்தான்.

முதலில் அந்தக் கம்பம், மேல்நாட்டு சலூன் வாசலில் அடையாளமாக நிற்பது. ஐரோப்பாவில் முடி வெட்டியவர்களே ரத்தம் இறக்கவும் பல் பிடுங்கவும் செய்தார்கள். சிவப்பு ரத்தத்துக்கு, வெள்ளை கட்டுத்துணிக்கு என்று சொல்வார்கள். நீலம் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டதாம். லண்டனில் அறுவை மருத்துவர்கள் 1745-இல்தான் இவர்களை விட்டுப் பிரிந்து தனிச் சங்கம் ஆனார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தாத்தா கட்டி கீறுவார், பாட்டி ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். அதற்காக யாரும் வாசலில் கம்பம் நடவில்லை. மண்டையோடும் வைக்கவில்லை. உங்கள் டிசைனரிடம் சொல்லுங்கள்.

சலூனைச் சலூனாக்குவது மூன்று: கண்ணாடி, வெளிச்சம், தட்டு.

கண்ணாடி. பேசினுக்கு மேலே ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று. இரண்டும் ஒரே உயரத்தில், நேருக்கு நேர். நாலடி அறையில் அது செய்கிற வேலையை எந்தப் பெயிண்டும் செய்யாது. பின்கழுத்தும் தெரியும். எங்கள் கடையில் சின்னப் பையன்கள் உள்ளே உள்ளே எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், அப்பாவுக்கு அது பெரிய உதவி. ஷவர் தெறிக்கிற பக்கம் வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள்.

பழைய பெல்ஜியம் கண்ணாடி தேடிப் பழைய சாமான் சந்தையான சோர் பஜார் போவீர்கள், தெரியும். அங்கே மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்று தெருவில் வேறு சந்தை. மற்ற நாளில் போங்கள். பழசு போல ஆக்கிய புதுசும் அங்கே உண்டு, சட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என்னைக் கேட்டால் தேக்குச் சட்டத்தை மட்டும் பழசாக வாங்கி, புதுக் கண்ணாடி பொருத்துங்கள். ஓரத்தில் கருப்புப் புள்ளி விழுந்த பழைய கண்ணாடி பாத்ரூம் ஈரத்தில் இன்னும் அரிக்கும். புதுக் கண்ணாடியானாலும் வெட்டிய ஓரத்துக்குப் பூச்சு கொடுங்கள், சுவரோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி விடுங்கள். ஒட்டினால் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை வருகிற சாதாரண சிலிக்கான் பின்பக்க வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும்.

வெளிச்சம். தலைக்கு மேலே ஒரே விளக்கு இருந்தால் மூக்குக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும், அங்கேதான் கத்தி வெட்டும். கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் பால் வெள்ளை உருண்டை விளக்கு ஒவ்வொன்று. மின்சாமான் கடைத்தெருவான லோஹார் சாலில் தேடினால் நிச்சயம் கிடைக்கும். கம்பி தெரிகிற மஞ்சள் பல்பில் சவரம் செய்தால் பாதித் தாடி அங்கேயே இருக்கும்.

தட்டு. கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஐந்து அங்குல அகலத்தில் ஒரு கல். அதன் மேல் பிரஷ், கிண்ணம், படிகாரக் கல், தண்ணீர் தெளிக்கிற பாட்டில், பவுடர் டப்பா. எல்லாம் நீங்கள் தினமும் தொடுகிற சாமான். தொடாத சாமான் எதையும் வைக்காதீர்கள், தூசிதான் பிடிக்கும்.

கத்தி தீட்டுகிற தோல் வார் மாட்ட ஆசை வந்தால், தாராவித் தோல் கடைகளில் நல்ல துண்டு கிடைக்கும். ஆனால் அதை பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள். ஜூலையில் பூஞ்சை பூத்துவிடும்.

மாட்டுங்கா_மாமி:

தம்பி, எல்லாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். தரையை யார் தேய்ப்பார்கள்?

எங்கள் கட்டடத்தில் பழைய சிமெண்ட் டைல். மும்பையில் 1922-இல் தொடங்கிய பாரத் டைல்ஸ் மாதிரி கம்பெனிகள் போட்ட வகை. நம் ஆத்தங்குடிக் கல்லும் அதே இனம்தான். பார்க்கக் கண் கொள்ளாது. நீங்களும் அதைத்தான் ஆசைப்படுவீர்கள். ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா ஆசிட் ஊற்றித் தேய்த்தால் சிமெண்ட் டைல் ஒரே மாதத்தில் வெளுத்துச் சொரசொரத்துப் போகும். சுண்ணாம்பு இருக்கிற எதற்கும் ஆசிட் ஆகாது. கோலிவாடாத் தம்பி சொன்ன தட்டுக்கும் கடப்பாக் கல் போட்டுவிடாதீர்கள், அதுவும் சுண்ணாம்புக்கல் வகைதான், வெள்ளை மார்பிளும் அப்படியே. கருப்பு கிரானைட் துண்டு வாங்குங்கள். கல் கடையில் சமையல்மேடை வெட்டி மீந்தது சல்லிசாக வரும்.

பாத்ரூமுக்கு பீங்கான் டைல், ஹாலுக்கு ஆத்தங்குடி. அவ்வளவுதான் என் தீர்ப்பு. அப்புறம் ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் இரண்டு கண்ணாடி மாட்டினால், குளித்து வந்து இரண்டையும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திலக்நகர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மாமி சொன்னபடி ஆத்தங்குடி ஆசையை ஹாலுக்கு மாற்றிவிட்டேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). தரைக்கு நாலு அங்குல மேட் பீங்கான், கருப்பு வெள்ளை. சுவர் கீழ்ப்பாதி கரும்பச்சை டைல், மேலே வெள்ளை. ஷவர் பக்கம் மட்டும் கூரை வரை வெள்ளை.

பைப் விஷயம் பாக்கி. பிளைவுட் பெட்டி அடித்து மேலே டைல் ஒட்டிவிடலாம் என்கிறார் மிஸ்திரி. ஏற்கனவே இடுக்கான அறையில் இன்னும் ஒரு அங்குலம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பம் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு பார்த்தால், மூலையில் ஏற்கனவே ஒரு கம்பம் நிற்கிறது! அதற்கே சிவப்பு வெள்ளைச் சுருள் கோடு அடித்தால் என்ன? கோலிவாடாக்காரர் கோபித்துக்கொள்வாரா?

கல்யாண்_சைட்இன்ஜினியர்:

அடியுங்கள் சார், பெட்டியைவிட ஆயிரம் மடங்கு மேல். அது பொதுப் பைப். அடைத்து டைல் ஒட்டினால் என்றாவது அடைப்பு எடுக்க வரும் பிளம்பர் உங்கள் புது டைலைத்தான் உடைப்பார். மூடி திருகி எடுக்கிற இடம் இருந்தால் அதன் மேல் மட்டும் பெயிண்ட் கெட்டியாகப் படிய விடாதீர்கள்.

110 மி.மீ. பைப் என்றால் சுற்றளவு சுமார் 345 மி.மீ. செய்தித்தாளை 345-க்கு 345 சதுரமாக வெட்டுங்கள். ஓரங்களை நான்காகப் பிரித்துச் சுமார் 86 மி.மீ.க்கு ஒரு குறி. மூலைக்கு மூலை ஒரு கோடு, மற்றக் குறிகளிலிருந்து அதற்கு இணையாகக் கோடுகள். பைப்பில் சுற்றினால் கோடுகள் ஒன்றோடொன்று சரியாகச் சேரும். பென்சிலால் பதித்துக்கொண்டே மேலே நகர்த்துங்கள். சிவப்பு, வெள்ளை மாறி மாறி வரும்.

பிவிசி வழவழப்பு, அப்படியே அடித்தால் உரிந்துவிடும். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கொடுத்து, முழுக்க வெள்ளை எனாமல். நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி சிவப்பு. சிவப்பு முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள், விளிம்பு சுத்தமாக வரும்.

கோலிவாடா_கத்தரி:

கோபமா! தானாக நிற்கிற கம்பத்துக்கு வண்ணம் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை அண்ணே. காசு கொடுத்து சுற்றுகிற கம்பம் வாங்குவதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. எங்கள் கடைகளில் "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று ஒரு போர்டு இருக்கும், அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லாரும் அரசியல் பேசுவார்கள். தகரத்தில் எனாமல் பெயிண்டில் எழுதி வாங்குங்கள். தாராவிப் பக்கம் தமிழ் போர்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசகத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள், போனில் சொன்னால் ஒற்றெழுத்து எங்காவது போய்விடும். தகரத்தின் பின்பக்கமும் ஓரமும் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் முதல் மழைக்கே துரு வழிந்து வெள்ளை டைலில் கோடு போடும்.